ரேஸ் கிரவுண்டை மூடவைத்தவள்

அக்கரப்பத்தனைப் பக்கத்து ரேஸ் கிரவுண்டில் போதைத் தூள் புழங்குகிறது என்று பொலிசிடம் சொன்னவள் நான்தான். ஹனீபா நானா அல்ல. அவர் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நான் சொன்னது பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

இந்த வரிகளை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் நெஞ்சில் கிடந்தது இவ்வளவு சின்னதா? இப்படி எழுதிப் பார்த்தால் யாரோ ஒருத்தி எங்கோ செய்த காரியம் போலத் தெரிகிறது. ஆகவே நீங்கள் முழுவதையும் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓர் ஆசிரியை. தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய சிறு சிறு அறைவீடுகள், நாங்கள் காம்பரா என்போம். நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் கூரையைத் தொடுவதே இல்லை. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் எங்கள் வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். யார் யாரை அடித்தார்கள், யார் அழுதார்கள், யார் குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தார்கள்... எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். பஞ்சையும் தாண்டி, பக்கத்துக் காம்பராச் செல்வியின் அப்பா போடும் சத்தம் கேட்கும்.

எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் என் சொந்த வீட்டில், என் சொந்தச் சுவர்களுக்குள், ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு அந்த நிலம் அமைந்தது. தோட்டத்தின் எல்லையில், சரிவான ஒரு துண்டு. கீழே ஓடை. எதிர்மலையில் தேயிலை. வலதுபக்கம் மட்டும், பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடாமல் கைவிட்ட ஒரு மொட்டை மேடு. நாங்கள் பார்க்கப் போன அன்று வேலைநாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குருவியின் குரல்கூட இல்லை.

நிலத்தை விற்றவர் நேர்மையானவர். அந்த மேட்டைக் காட்டிச் சொன்னார்: "அதுல நம்ம பயலுக பைக் ரேஸ் ஓட்டுறாங்க டீச்சர். ஞாயித்துக்கெழமைன்னா சத்தம் இருக்கும். பொறகு நீங்க என்னைய கொறை சொல்லக்கூடாது."

"நம்ம பிள்ளைகள்தானே" என்றேன் நான். இதை மறக்காதீர்கள். தெரிந்துதான் வாங்கினேன்.

வீடு கட்டிக் குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிவதற்குள் தொடங்கியது. அந்த பைக்குகளின் சத்தம் உங்களுக்குப் புரியவேண்டும். கடையில் வாங்கிய பந்தய வண்டிகள் அல்ல அவை. பழைய இரும்பில் பொறுக்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூட்டி எடுத்தவை. சத்தத்தை அடக்கும் குழாயையும் கழற்றிவிடுவார்கள். ஏற்றத்தில் ஏறும்போது ஓர் அலறல். உச்சியில் காற்றில் தாவும்போது ஒரு நொடி நிசப்தம். விழுந்தவுடன் மறுபடி அலறல். எதிர்மலையில் மோதி அது திரும்பி வரும். கண்ணாடி அலுமாரியில் கிண்ணங்கள் நடுங்கும். துவைத்துப் போட்ட துணியில் செம்மண் படியும்.

அதே நேரம் அந்த மேட்டைச் சுற்றி ஒரு திருவிழாவே நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கடலை, வடை, சூடான தேநீர். யாராவது சேற்றில் சறுக்கி விழுந்தால் மலையே சிரிக்கும்.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் என்னோடு வளர்ந்த செல்வியும் வருவாள். நான் படித்து ஆசிரியையானேன்; அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். எங்கள் நட்பு மட்டும் விட்டுப்போகவில்லை. அவளுடைய ஒரே மகன் தினேஷ்தான் அந்தக் கிரவுண்டின் உயிர். அவனே இளைஞர்களைச் சேர்த்து, தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி அனுமதி வாங்கி, மண்வெட்டியால் பாதை வெட்டியவன். நான் அவனுக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படிப்பு ஏறவில்லை. ஆனால் ஓர் எஞ்சினைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டும்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"டீச்சர், சத்தம் ரொம்ப இருக்குங்களா? அம்மா சொன்னாங்க, உங்களுக்குத் தலைவலின்னு. அந்தப் பெரிய ஏத்தம் உங்க வீட்டப் பாத்தாப்ல இருக்குங்க. அத அந்தப் பக்கமா மாத்திக் கட்டிரவா? ரெண்டு மூணு கெழமைல முடிச்சிரலாம்."

"சேச்சே, அதெல்லாம் வேண்டாம்ப்பா. பரவாயில்ல. நீங்க விளையாடுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் கேட்டானே... வாய் திறந்து 'ஆமாம் தம்பி, கஷ்டமாக இருக்கிறது, மாற்றிக்கொடு' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்குமே. சொல்ல முடியவில்லை. லயத்திலிருந்து வெளியேறி வீடு கட்டியதும் டீச்சருக்கு நம் சத்தம் ஆகவில்லை என்று பேசுவார்களோ என்று பயந்தேன். எல்லோரும் மெச்சும் நல்ல டீச்சராக இருக்கவே விரும்பினேன். நல்லவள் என்ற பெயரும் வேண்டும், சத்தமும் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஆசைப்பட்டவளுக்குத் திருட்டுவழி ஒன்றுதான் மிஞ்சும்.

பெயர் சொல்லாமல் பிரதேச சபைக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிரவுண்ட் முதல்லயே இருந்திச்சா, இல்ல நீங்க முதல்லயா?" என்று கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

எதிர்மலைக்கு அப்பால் ஓர் உல்லாச விடுதி இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் அங்கே வரும் கொழும்பு ஆட்கள் விடிய விடியப் பாட்டுப் போடுவார்கள். அது என்னை ஒருநாளும் இப்படிக் கொதிக்கவைத்ததில்லை. இதைப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். என் காதைச் சுட்டது பைக்கின் சத்தம் மட்டும்தானா? அந்தச் சத்தத்தில் லயம் இருந்தது. நான் எதை விட்டு ஓடிவந்தேனோ அது வேலியோரம் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

இனி, அந்த நாள்.

போதைப்பொருள் பற்றி மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லப் பொலிஸ் அதிகாரி ஒருவர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். அவரைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. கூட்டம் முடிந்து அலுவலக அறையில் தேநீர் கொடுத்தேன். அவர் சிங்களத்தில், சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்: "இந்தப் பக்கத்தில் அப்படிப் பிரச்சினை ஏதும் இருக்கிறதா டீச்சர்?"

அறையில் வேறு யாரும் இல்லை. சர்க்கரைப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே சொன்னேன்: "அந்த பைக் ரேஸ் ஓட்டுகிற இடத்துக்கு வெளியாட்கள் நிறைய வருகிறார்கள், சேர். அங்கே தூள் கைமாறுவதாகப் பேச்சு அடிபடுகிறது. நான் சொன்னேன் என்று வேண்டாம்."

அவ்வளவுதான். அப்படி ஒரு பேச்சு எங்கும் அடிபடவில்லை. அந்தக் கணத்தில் என் வாயில்தான் அது பிறந்தது. அவர் தலையசைத்துவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப்புகள் வந்தன. நான் சன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். பைக்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பையன்களை வரிசையாக நிற்கவைத்துச் சட்டைப்பைகளைத் துழாவினார்கள். பெண்கள் கத்தினார்கள். ஒரு குழந்தை வடைத்தட்டை இடறிவிட்டு ஓடியது. எதுவும் அகப்படவில்லை... எப்படி அகப்படும்? ஆனாலும் விசாரணைக்கென்று தினேஷையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்திரங்கள் இல்லாத பைக்குகளும் லொறியில் ஏறின. மறுநாள் பையன்களை விட்டார்கள்; பைக்குகளை விடவில்லை. அந்த வாரமே தோட்ட நிர்வாகம் மேட்டின் குறுக்கே ஆழமாக வடிகான் வெட்டிப் பாதையைத் துண்டித்துவிட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்தால் இது ஒப்புதல் ஆகாது. நான் சந்தோஷமாக இருந்தேன். கதிரையை வெளியே போட்டு உட்கார்ந்தேன். ஓடையின் சத்தம் கேட்டது. வெள்ளைத் துணிகள் வெள்ளையாகவே காய்ந்தன. ஒரு பாவமும் செய்யாதவளைப் போல் அந்தப் பகலை முழுவதும் அனுபவித்தேன்.

ஹனீபா நானா எங்கள் அடுத்த வீடு. தலவாக்கலையில் பலகாலம் கடை வைத்திருந்தவர். வயதானதும் கடையை மகனிடம் விட்டுவிட்டு மனைவியோடு இங்கே வந்து வீடு கட்டினார். அந்த அம்மாவை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். சீனி வருத்தம், காலில் ஆறாத புண். முன்னொரு தடவை ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தபோது, நானா கிரவுண்டுக்கு நடந்துபோய், அன்று ஒருநாள் மட்டும் ஓட்டாமல் இருக்க முடியுமா என்று பையன்களிடம் கேட்டிருந்தார். எல்லோர் முன்னிலையிலும், நேராக. அவர்களும் சரியென்று நிறுத்தினார்கள். மற்றபடி அவரே சில ஞாயிற்றுக்கிழமைகளில் குடையை ஊன்றிக்கொண்டு ரேஸ் பார்க்கப் போவார்.

அவர்மேல் பழி விழ, அந்த ஒரு தடவை கேட்டதே போதுமானதாக இருந்தது.

செல்வி அழுது வீங்கிய முகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"எம்மகன் தூள் அடிக்கிறவனா மணி? நீ சொல்லு. அவன் பீடிகூட தொட்டதில்ல. நுவரெலியாவுல கராஜ் ஒண்ணுல வேலைக்கி வரச் சொல்லியிருந்தாங்க. இன்னக்கி போன் பண்ணி, தூள் கேஸ்ல மாட்டுன பய வேணாம்னுட்டாங்க. எவன் வாயி இப்படிச் சொல்லிச்சோ..." மூக்கைச் சிந்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த நானாதான. வேற யாரு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் கைகாட்டிய திசையில் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன். பிறகு, "எனக்கென்ன தெரியும் செல்வி" என்றேன்.

அந்தப் பார்வையும் பெருமூச்சும் இரண்டே நாளில் லயம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டன. 'டீச்சருக்குத் தெரியும். பக்கத்து வீடுன்னு பாக்குறாங்க' என்று பேசிக்கொண்டார்களாம்.

எங்கள் இரு வீடுகளுக்கும் தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. குழாய் லயங்களைத் தாண்டித்தான் வரவேண்டும். நானா வீட்டுக் குழாயை யாரோ அறுத்தார்கள். அவர் ஒட்டுவார், மறுபடி அறுப்பார்கள். பால் ஊற்றுகிறவர் அவருடைய வீட்டைக் கடந்து என் வீட்டுக்கு வருவார். கேற்றில் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி வைத்தார்கள். ஊரில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்தாவின் புண்ணைக் கழுவ அவர் என் வீட்டில் வந்து வாளியில் தண்ணீர் எடுத்துப்போனார். நான் முகம் சுளிக்காமல் கொடுத்தேன். சில நாட்களில் நானே சுமந்துகொண்டுபோயும் கொடுத்தேன். என்னுடைய நல்ல குணத்தைப் பார்த்தீர்களா?

அப்படி ஒருநாள் வாளியைத் தரையில் வைத்துவிட்டு அவர் நின்றார்.

"டீச்சர், நான் பொலிசுக்குச் சொல்லல்ல. அல்லாஹ் மேல ஆணையா. சொல்றதா இருந்தா நேரா அந்தப் புள்ளைகள்ட்டயே சொல்லிப்போடுவேன்தானே. நான் சொன்னா இவங்க நம்ப மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன் நானா. கட்டாயம் சொல்றேன்" என்றேன்.

சந்தர்ப்பமும் வந்தது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுத்தார்கள். நானா வீட்டுக்குத் தண்ணீர் போவதையே நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். "டீச்சர் என்ன சொல்றீங்க?" என்று தலைவர் என்னைக் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். செல்வி முன்வரிசையில் இருந்தாள். தினேஷ் தூணோரமாகக் கைகட்டி நின்றான், தரையைப் பார்த்தபடி.

எழுந்தேன். 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு சொற்களும் தொண்டைவரை வந்தன என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. வரவில்லை. அந்த நேரத்தில் நான் நினைத்ததெல்லாம் இதுதான்: இவர்கள் தங்கள் பிள்ளைகளை நாளைக்கு என் வகுப்புக்கு அனுப்புவார்களா? செல்வி என் முகத்தில் விழிப்பாளா?

"சாட்சி இல்லாம யாரையும் நாம குற்றம் சொல்லக்கூடாது" என்றேன். "தண்ணி எல்லாருக்கும் பொது. அத நிறுத்துறது பாவம்."

நல்ல பேச்சு. கைகூடத் தட்டினார்கள். ஆனால் 'அவர் செய்யவில்லை' என்று நான் சொல்லவில்லையே. செய்தவரை மன்னித்துவிடச் சொல்வதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "டீச்சர் பெரிய மனசுக்காரங்க" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

தண்ணீரை நிறுத்தவில்லை. ஆனால் குழாய் அறுபடுவதும் நிற்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் நானாவும் ராத்தாவும் கம்பளையில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட முடிவு செய்தார்கள். சாமான்களை லொறியில் ஏற்றியபோது நான் போய் நின்றேன். ராத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வான் வண்டியில் ஏற்றினார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும்தான் எங்கட வீட்டுக்கு வந்து போன. ஒங்களுக்கு நல்லது நடக்கும்" என்றார். கூட்டத்தில் நான் பேசியது நானாவுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை இன்றுவரை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என்ன அர்த்தம் அதற்கு? நன்றியா? வெறுப்பா? அல்லது அவருக்கு... தெரிந்துதான் போனாரா?

ராத்தா அடுத்த வருடம் காலமானார். வீட்டை வாங்கினவர்கள் அதை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மேட்டில் மானாப்புல் வளர்ந்துவிட்டது. தினேஷ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அடுப்படியில். பைக்கைத் தொடுவதில்லை என்று செல்வி சொல்கிறாள்.

செல்வி இப்போதும் வருகிறாள். வரும்போது கீரையோ பீர்க்கங்காயோ கொண்டுவருவாள். குசினியில் என்னோடு நின்று தேநீர் குடிப்பாள். மகனைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நானாவைத் திட்டத் தொடங்குவாள். "எம்புள்ள வாழ்க்கையக் கெடுத்தவன் நல்லா இருப்பானா மணி? அதான் பொஞ்சாதிய வாரிக் குடுத்துட்டான். இன்னும் அனுபவிப்பான், பாரு" என்பாள். அந்தச் சாபம் யாருக்குரியதோ அந்த ஒருத்தி அவள் பக்கத்திலேயே நின்று கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

போன தீபாவளிக்குத் தினேஷ் வந்திருந்தான். மெலிந்திருந்தான். முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. ஒரு கேக் பெட்டியை என் கையில் தந்துவிட்டு, நான் தடுப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டான்.

"சாட்சி இல்லாம யாரையும் குத்தம் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்காகக் கமிட்டியில பேசுனது நீங்க ஒருத்தர்தான் டீச்சர்" என்றான்.

நான் பேசியது அவர்களுக்காக அல்ல. நானாவுக்காகவும் அல்ல. அதை அவனிடம் எப்படிச் சொல்வேன்? "நல்லா இருப்பா" என்று அவன் தலையில் கைவைத்தேன். வைத்த கையை எடுக்க மறந்துவிட்டேன். வயசாகிவிட்டது டீச்சருக்கு என்று அவன் நினைத்திருப்பான்.

அன்றைக்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்லிவிட்டால் கொஞ்சமாவது இறங்கும் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன், இறங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்த எழுத்து உங்கள் கைக்கு வருமுன், இதில் உள்ள எல்லோருடைய பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் மாற்றிவிட்டேன். செல்வி செல்வி அல்ல. தினேஷ் தினேஷ் அல்ல. நான் மணி அல்ல. மாற்ற வேண்டியது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஹனீபா நானாவின் பெயரையும் மாற்றிவிட்டேனே. எங்கள் லயத்தில் யாராவது இதைப் படித்தாலும், எங்கோ யாருக்கோ நடந்தது என்று மூடி வைத்துவிடுவார்கள். கம்பளையில் இருக்கும் அந்த மனிதரை விடுவிக்க இதில் ஒரு வரிகூட இல்லை.

அவருடைய உண்மையான பெயரை ஒரு தடவை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.